சிவப்பு பல்பும் நான்கு பச்சை விளக்குகளும்

என் எழுத்து கோணலாக இருக்கிறது. ‘ழ’ போட்டால் வால் கோட்டைத் தாண்டிப் போகிறது. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்பது எழுதிக்கொண்டிருக்கும்போதே மறந்துபோகிறது. இரண்டு இடத்தில் அழுத்தி எழுதியதில் காகிதம் கிழிந்தும் இருக்கிறது. இதற்காக உன்னிடம் ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன். எழுபத்திரண்டு வயதில் பென்சில் பிடித்தவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். சிரமமாக இருந்தால் மெதுவாகப் படி. உனக்கு இப்போது என்ன அவசரம்?

இன்று காலை உன் படத்துக்கு முன்னால் இருக்கிற சிவப்பு பல்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. பல்பு சூடேறி, மேலே தொங்குகிற பிளாஸ்டிக் மாலையின் தூசி காய்கிற வாசனை. அது மூக்கில் ஏறியதும் நான் திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பெட்டியில் நான்கு பச்சை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. உள் அறையில் நம் மருமகள் ஜெசிந்தா யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு நடுவில் அறுபடவில்லை. பதினாறு நாளாக அறுபடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெட்டி என்றால் உனக்குத் தெரியாது. நீ போன அடுத்த வருஷம் வந்தது. டிபன் டப்பா அளவு இருக்கும், வெள்ளை நிறம், தலையில் இரண்டு கொம்பு. தெருக் கம்பத்திலிருந்து ஒரு மெல்லிய ஒயர் வெண்டிலேட்டர் வழியாக வந்து அதற்குள் போகிறது. அங்கிருந்து வீடு முழுவதும் ஒயரே இல்லாமல் இன்டர்நெட் பரவுகிறது. வைஃபை என்கிறார்கள். ஜெசிந்தா இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கிற ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வருகிற போனையெல்லாம் இந்தப் பெட்டி வழியாக அவள்தான் எடுக்கிறாள். பல்வலிக்காரர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை.

அதற்கு முன்னால், ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை, அவள் எனக்கு வாத்தியார்.

சிரிக்காதே. நீ மூன்று முறை எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாய், மூன்று முறையும் நான் எழுந்து போனேன். முதல் முறை கல்யாணமான புதிதில். கோயில் கல்யாணப் புத்தகத்தில் நீ முத்துமுத்தாகக் கையெழுத்துப் போட்டாய். பக்கத்தில் நான் இடது கட்டைவிரலை வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு என் விரலில் இருந்த ஊதா மையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாய். “இன்னாய்யா, உன் கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்குது, எதுக்கு என் கண்ண இரவல் வாங்குற?” என்றாய். அதற்கப்புறம் நாற்பத்து நாலு வருஷம் உன் கண்தான். பையனின் பள்ளிக்கூட பாரம், கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், மாத்திரை அட்டை, சாயங்காலமானால் வாரப் பத்திரிகைக் கதை. நீ படிப்பாய், நான் கேட்பேன். இப்போது எனக்கு வாக்கியம் ஓரளவு ஒழுங்காக வருகிறது என்று ஜெசிந்தா ஆச்சரியப்படுகிறாள். கைதான் புதுசு, காது பழசு என்றேன்.

நான் பென்சில் பிடித்ததன் காரணம் உனக்குத் தெரியாது. கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்கவைத்திருந்தபோது ஒரு பாரத்தை என் முன்னால் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். வழக்கம்போல உன் பக்கம் திருப்பினேன். உனக்கு நினைவு இல்லை. நம் பையன் பிரான்சிஸ் மருந்து வாங்கப் போயிருந்தான். அவசரம் என்றார்கள். மையில் விரலைத் தொட்டு வைத்துவிட்டேன். எதற்குச் சம்மதம் கொடுத்தேன் என்று தெரியாமல் கொடுத்தேன். பிறகு பிரான்சிஸ் படித்துப் பார்த்து, அது சாதாரண பாரம்தான், யார் மேலும் தப்பு இல்லை என்றான். இருக்கலாம். ஆனால் உன் உடம்பைப் பற்றிய ஒரு காகிதம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, என் கண்ணால் ஒன்றும் ஆகவில்லை. அந்த மையைத் துடைக்கவும் ஆள் இல்லை. ஒரு வாரம் விரலில் இருந்தது.

இங்கே நிறுத்திவிட்டு காபி குடிக்கப் போனேன். ஒரு பக்கம் எழுத ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது.

சரி, பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அது திடீர் திடீரென்று செத்துப்போக ஆரம்பித்தது. இரண்டு மூன்று நிமிஷம் போகும், தானாக வரும். ஒரு நாள் மூன்று முறை, ஒரு நாள் ஒரே முறை, சில நாள் ஒன்றுமே இல்லை. எப்போது என்று சொல்ல முடியாது. போன் எடுத்து, பல்வலிக்காரன் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அறுந்துபோகும். அவன் கோபத்தோடு திரும்பப் போன் செய்வான், வேறொருத்தி எடுப்பாள், ஜெசிந்தாவின் பேரில் புகார் போகும். உள்ளேயிருந்து “மாமா, போச்சு” என்று அவள் குரல் வரும். முதலில் எரிச்சலாகச் சொன்னாள், அப்புறம் சலிப்பாகச் சொன்னாள், கடைசியில் அழுகிற குரலில் சொன்னாள்.

அவளுடைய மேலதிகாரி அம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் கறாராகச் சொல்லிவிட்டாள். மாசக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும். ஆபீஸ் ஊரின் இன்னொரு கோடியில், எலக்ட்ரானிக் சிட்டியில். லிங்கராஜபுரத்திலிருந்து அங்கே போய்வருவது உனக்குத் தெரியாதா? காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவாள். ஒரு வாரம் யோசித்துவிட்டு பிரான்சிஸ் வேறு மாதிரி பேச ஆரம்பித்தான்.

“அங்கேயே ஒரு வீடு பாத்துட்டுப் போயிடலாம்பா. எனக்கும் ஆபீஸ் கிட்ட.”

“நான் வரல” என்றேன்.

“தனியா இருந்து இன்னா பண்ணுவீங்க?”

“எழுதுவேன்.”

அவன் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்போது எனக்குச் சொல் எழுத வந்திருந்தது, வாக்கியம் வரவில்லை. ஜெசிந்தா ஆறரைக்குக் கிளம்பினால் ஏழு மணிப் பாடம் ஏது? பாதி ஆற்றில் நிற்கிற ஆளாக விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அவள் வேலையைப் பற்றிய கவலை பாதி, என் பாடத்தைப் பற்றிய கவலை மீதி. அதனால்தான் இந்தப் பெட்டியை நான் விடுவதாக இல்லை என்று முடிவு செய்தேன்.

யாருக்கும் அது பிடிக்கவில்லை. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து புகார் சொன்னால், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றார்கள். அணைத்துவிட்டுத்தான் போட்டோம், அதுவே தன்னை அணைத்துக்கொண்டுதான் போட்டுக்கொள்கிறது, அதுதான் புகார் என்று நான் போனை வாங்கிச் சொன்னேன். பிரான்சிஸ் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ரிப்பேர்காரர் வந்தார். மஞ்சுநாத் என்று பெயர், நாற்பது வயது, பெரிய மீசை. கருவி வைத்து அளந்தார். கம்பத்து ஒயரின் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டார். சிக்னல் நன்றாக இருக்கிறது என்றார். நான் அருகில் போய்ப் பார்த்தேன்.

“அஜ்ஜா, நீவு சும்னே கூத்கொளி” என்றார். உனக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. கன்னடத்தில் மார்க்கெட்டையே ஆட்டிவைத்தவள் நீ. சும்மா உட்காருங்கள் தாத்தா என்கிறார். சும்மா உட்காருகிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை என்று அதே கன்னடத்தில் சொன்னேன். மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் மறுபடி போச்சு.

இரண்டாவது முறை வந்தபோது, அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் இதே மாதிரிப் பெட்டி, ஒன்றோடு ஒன்று இடிக்கிறது என்று எதையோ மாற்றிவைத்தார். மறுபடி போச்சு. மூன்றாவது முறை பெட்டியையே மாற்றினார். புதுப் பெட்டியும் செத்துச் செத்துப் பிழைத்தது.

பீன்யா தொழிற்பேட்டையில் நான் தகடு வெட்டுகிற பிரஸ் ஓட்டிய காலத்தில் இதே மாதிரி ஒரு மெஷின் இருந்தது, உனக்குச் சொல்லியிருக்கிறேன். நினைத்தபோது நிற்கும், நினைத்தபோது ஓடும். எஞ்சினியர் வந்து பார்க்கும்போது யோக்கியமாக ஓடும். நான் என்ன செய்தேன்? எழுதத் தெரியாது. அதனால் மூன்று தகர டப்பா வைத்தேன். காலையில் நின்றால் ஒன்றில் ஒரு நட்டு, மத்தியானம் நின்றால் இன்னொன்றில், சாயங்காலம் நின்றால் மூன்றாவதில். ஒரு மாதம் கழித்து மத்தியான டப்பா நிறைந்திருந்தது. பக்கத்துக் கொட்டகையில் மத்தியானம்தான் பெரிய மோட்டாரைப் போடுவார்கள். அதுதான் காரணம். அன்றைக்கு சூப்பர்வைசர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நீ நம்பவில்லை. “நட்ட எண்ணிக் கண்டுபிடிச்சாராம்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாய்.

இப்போது நட்டு எதற்கு? எழுத்து இருக்கிறதே. ஜெசிந்தா பகலில் பார்த்து எழுதச் சொல்லிக் கொடுத்த அதே நோட்டில், எப்போது அறுந்தாலும் மணியையும், அப்போது வீட்டில் என்ன ஓடியது என்பதையும் எழுத ஆரம்பித்தேன். எனக்காக நானே எழுதிய முதல் எழுத்து அதுதான், பார்த்து எழுதியது இல்லை. “11.20. மோட்டார் இல்லை. மிக்சி இல்லை. மழை இல்லை.” அடுத்தது: “3.05. மிக்சி இல்லை. மேல் வீடு துணி மெஷின் ஓடுது.” அதற்கடுத்தது: “12.40. துணி மெஷின் இல்லை. கரண்ட் இருக்கு. காற்று இல்லை.” மோட்டார், மிக்சி என்று எழுதி எழுதி, அந்தச் சொற்கள் எனக்குத் தண்ணீர்பட்டபாடாகிவிட்டன. ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ‘இல்லை’ என்றுதான் வந்தது.

நடுவில் கோயில் பஸ்ஸில் மூன்று நாள் வேளாங்கண்ணி போய்வந்தேன். திரும்பி வந்ததும் ஜெசிந்தா வாசலிலேயே சொன்னாள், “மாமா, நீங்க போன மூணு நாளும் ஒரு தடவகூட கட் ஆகல.” மாதாவிடம் நான் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். மெழுகுவர்த்தியே ஏற்றியிருந்தேன். வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடி “மாமா, போச்சு.” எனக்கு மாதா மேல் கொஞ்சம் வருத்தம்தான். மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. பிரான்சிஸ் புரோக்கரோடு போய் இரண்டு வீடு பார்த்துவிட்டும் வந்திருந்தான்.

அந்த சனிக்கிழமை மஞ்சுநாத் நான்காவது முறையாக வந்தார். பிரான்சிஸ் வீட்டில் இருந்தான். ஜெசிந்தா உள்ளே போனில் இருந்தாள். மஞ்சுநாத்துக்கும் அலுத்துவிட்டது. இதற்குமேல் தன்னால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார்.

நான் நோட்டோடு வாசலை மறித்து நின்றேன்.

“இருபத்தேழு தடவை போயிருக்கு. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். படிச்சிட்டுப் போ.”

“அப்பா, விடுங்கப்பா, அவருக்கு வேற வேல இருக்கும்” என்றான் பிரான்சிஸ்.

“எனக்கும் வேற வேல இருந்துச்சு. அத விட்டுட்டுத்தான் இத எழுதினேன்.”

மஞ்சுநாத் நோட்டை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கத்தோடு, “எனக்குத் தமிழ் பேச வரும் அஜ்ஜா. ஓத வராது” என்றார்.

அந்த நிமிஷத்தை உன்னிடம் எப்படிச் சொல்வது? மீசை வைத்த, படித்த, கருவியெல்லாம் வைத்திருக்கிற ஒரு மனுஷன் என் முன்னால் நிற்கிறார். காகிதம் அவர் கையில் இருக்கிறது, அவருக்குப் படிக்க முடியவில்லை. எனக்கு முடியும். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எழுபது வருஷம் என் கழுத்துக்கு மேல் இருந்த முகம் அது.

“உக்காரு” என்றேன். “நான் படிச்சுக் காட்டுறேன்.”

அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து, நீ எனக்குப் படித்த மாதிரியே, புரியாத இடத்தில் நிறுத்திக் கன்னடத்தில் அர்த்தம் சொல்லிப் படித்தேன். மெதுவாகத்தான். ‘துணி மெஷின்’ வந்த இடத்தில் இரண்டு முறை தடுக்கினேன். பிரான்சிஸ் உதவிக்கு வாயைத் திறந்தான். கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஆறேழு படித்திருப்பேன். மஞ்சுநாத் நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டே நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். எழுத்து தெரியாதவன் புரட்டுகிற மாதிரி, படம் பார்க்கிற மாதிரி, சும்மா புரட்டினார். பிறகு நிறுத்தினார்.

“அஜ்ஜா, இது எல்லாம் ஏன் பக்கத்தோட தலையிலேயே இருக்கு?”

“எது?”

“இந்த மணி எழுதினது. எல்லாப் பக்கத்துலயும் மேல, முதல் வரி. நடுவுல எங்கேயுமே இல்லயே.”

நான் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பார்த்து எழுதிய பாடம் ஒரு பக்கம் முழுக்க, அடி வரை. அடுத்த பக்கத்தின் முதல் வரியில் மணி. அதற்குக் கீழே மறுபடி பாடம், அடி வரை. அடுத்த பக்கத்தின் தலையில் மணி. இருபத்தேழும் அப்படித்தான். நான் ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் பெட்டி சாகிறது. ஒரு பக்கத்தின் நடுவில் இருக்கும்போது ஒருநாளும் செத்ததில்லை.

இருபத்தேழையும் எத்தனை முறை படித்திருப்பேன். எழுத்து வந்ததும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தைப் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாத காலத்தில் எனக்கும் இந்த மஞ்சுநாத்தின் கண் இருந்தது. பஸ் போர்டைப் படிக்க மாட்டேன், ஆனால் எந்த பஸ் என்று அதன் முகத்தைப் பார்த்தே சொல்வேன், நீயே கேட்டிருக்கிறாய். அந்தக் கண் மட்டமானது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி அதையும் விட மாட்டேன்.

மஞ்சுநாத் கேட்டார், “பக்கம் முடிச்சதும் நீங்க என்ன பண்ணுவீங்க?”

அது வீட்டில் யாருக்கும் தெரியாது. மாதா சொரூபமும் இயேசுவின் இருதயப் படமும் இருக்கிற அலமாரியில்தான் உன் படத்தையும் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் முடிந்ததும் நான் அங்கே வருவேன். உன் பல்பைப் போடுவேன். முடித்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உனக்குப் படித்துக் காட்டுவேன். முணுமுணுப்பாகத்தான். ஜெபம் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன்.

“அவகிட்ட காட்டுவேன்” என்று உன் படத்தைக் கை நீட்டிக் காட்டினேன்.

பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டான். மஞ்சுநாத் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். “எப்படின்னு செஞ்சு காட்டுங்க” என்றார்.

செய்து காட்டினேன். வலது கையில் நோட்டைத் திறந்து பிடித்தேன். இடது கையால் பல்பைப் போட்டேன். அங்கே சுவரில் இருப்பது ஒரே பிளக். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கும், உன் பல்புக்கும், பெட்டிக்கும் அதுதான். பெட்டி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஜெசிந்தா அதை உன் படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள். அதனால் பச்சை விளக்குகள் அணைவது முன்னால் நிற்கிற எனக்குத் தெரியவே தெரியாது. மஞ்சுநாத் பக்கவாட்டில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு வாட்டி” என்றார். அணைத்துவிட்டுப் போட்டேன்.

“ஹோத்து” என்றார். போச்சு என்று அர்த்தம். அவர் சொல்லி முடிக்கும்போதே உள்ளே ஜெசிந்தாவின் குரல் வந்தது. “மாமா, போச்சு.”

பெட்டியின் பிளக் மாட்டியிருந்த ஓட்டை தளர்ந்துபோயிருந்தது. நான் இடது கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தும்போது பாக்ஸே ஒரு முடி அளவு சாய்கிறது. கண்ணிமைக்கிற நேரம் பெட்டிக்குக் கரண்ட் நின்றுபோகிறது. அது செத்துப் பிழைக்க மூன்று நிமிஷம். சாயங்காலம் ஜெபமாலைக்கு வலது கையால் போடும்போது ஒன்றும் ஆவதில்லை, அந்தக் கை பதமாக அழுத்தும். இடது கட்டைவிரல் அப்படி இல்லை. முப்பத்தொரு வருஷம் பிரஸ் மெஷினின் பட்டனை அழுத்திய விரல். ஊர் முழுக்கக் காகிதத்தில் வைத்த விரல். கோயில் புத்தகத்திலும் ஆஸ்பத்திரி பாரத்திலும் வைத்த அதே விரல். நாலு பேர் நாலு மாசம் தேடிய ஆள் அதுதான். நான்தான்.

ஜெசிந்தா வெளியே வந்தாள். பிரான்சிஸ் விஷயத்தைச் சொன்னான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புகார் வாங்கியதும் அழுததும் ஆபீசில் தலைகுனிந்ததும் என்னால். நான் தலையைக் குனியவில்லை. “நான்தாம்மா. தெரியாம செஞ்சேன். தெரிஞ்சதும் சொல்லிட்டேன்” என்றேன்.

அவள் கேட்டது வேறு. “ஏன் மாமா, சொல்லிக்குடுக்கறது நானு. எழுதின பக்கத்த மொதல்ல அத்தைகிட்ட எதுக்குக் காட்டுறீங்க?”

“உங்க அத்த இப்ப திருத்த மாட்டா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மஞ்சுநாத் தன் வீட்டிலும் அம்மாவின் படத்துக்கு இதே சிவப்பு பல்புதான் என்றார்.

அதற்கப்புறம்தான் உண்மையான சண்டை. பிரான்சிஸ் சுலபமாக ஒரு வழி சொன்னான். “அம்மா படத்த உங்க ரூமுக்கு மாத்திடலாம்பா. அங்க தனி பிளக் இருக்கு. நீங்களும் நிம்மதியா படிச்சுக் காட்டலாம்.” நல்ல மனசோடுதான் சொன்னான். நான் கேட்கவில்லை.

“அவ எங்கேயும் போக மாட்டா. பெட்டிய நகத்து.”

“பெட்டிய நகத்தணும்னா ஒயர் சுவத்தச் சுத்தி வரணும்பா. பாக்க நல்லா இருக்காது.”

“நல்லா இல்லாட்டிப் போவட்டும். நேத்து வந்த பெட்டிக்காக, இந்த வீட்ல முப்பது வருஷம் இருந்தவ எடத்த மாத்துவியா?”

“நீங்க எழுதாம இருந்திருந்தா இதெல்லாம் ஆகியே இருக்காது” என்றான், பாதி விளையாட்டாக.

“எழுதாம இருந்திருந்தா இதக் கண்டுபிடிச்சும் இருக்க மாட்டோம்.”

மஞ்சுநாத் நாங்கள் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பையிலிருந்து நீளமான ஒயரை எடுத்தார், எதிர்ச் சுவரில் இரண்டு ஸ்குரூ அடித்தார், பிரிட்ஜுக்கு மேலே பெட்டியை மாட்டினார். அங்கே சுவரிலேயே தனி பிளக். உன் பக்கத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றி, பல்பின் ஒயரை நேராகச் சுவரில் செருகினார். கிளம்பும்போது என் நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். “அஜ்ஜா, அடுத்த வாட்டி கன்னடத்துல எழுதுங்க, நானே ஓதிக்கிறேன்” என்றார். பார்க்கலாம் என்றேன். எழுபத்து மூன்றுக்கு ஒரு வேலை வேண்டாமா?

மாசம் முடிந்தது. மேலதிகாரி அம்மாள் ஜெசிந்தாவை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டாள். புரோக்கர் இரண்டு முறை போன் செய்தான், அப்புறம் விட்டுவிட்டான். காலை ஏழு மணிக்கு நான் மேஜைக்கு முன்னால் உட்காருகிறேன். சொல்லைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்துவிட்டேன், நீயே பார்க்கிறாய். ஒயர் சுவரைச் சுற்றி வருகிறது. பார்க்க நன்றாக இல்லைதான். வருகிறவர்கள் கேட்டால் நான் கதையை முதலிலிருந்து சொல்கிறேன், பிரான்சிஸ் எழுந்து உள்ளே போகிறான்.

ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு பக்கம் முடிந்தால் உன்னிடம்தான் முதலில் வருகிறேன். ஒளித்து இல்லை, முணுமுணுத்து இல்லை. உரக்கவே படிக்கிறேன். நடுவில் ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொள்கிறாள், பல்வலிக்காரருக்கு என் குரல் கேட்கிறதாம். வலது கையில் நோட்டு, இடது கட்டைவிரலால் சுவிட்ச். பதமாக அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள் என்று பிரான்சிஸ் சொன்னான். எதற்குப் பழக வேண்டும்? முழு பலத்தோடுதான் அழுத்துகிறேன். எதிர்ச் சுவரில் நான்கு பச்சையும் அப்படியே நிற்கின்றன.

இதை எழுதி முடிக்க ஆறு நாள் ஆனது. திருத்தித் தருகிறேன் என்றாள் ஜெசிந்தா. வேண்டாம், இது உனக்கு எழுதியது, தப்போடு அப்படியே இருக்கட்டும் என்றேன். வருகிற சனிக்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து உனக்கு இன்னொன்று எழுதுவேன். கோணல் கொஞ்சம் குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம்.

கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். முழுப் பெயர், ஒரு எழுத்து விடாமல். அதற்குப் பக்கத்தில், ஜெசிந்தாவின் மேஜையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, இடது கட்டைவிரலையும் வைத்திருக்கிறேன். எழுதத் தெரியாமல் வைத்தது இல்லை. நாற்பத்து நாலு வருஷம் நீ தேய்த்துச் சுத்தம் செய்த விரல் இதுதான் என்று உனக்கு அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மை இன்னும் காயவில்லை. மண்ணெண்ணெய் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. நானும் தேடப்போவதில்லை. நாளைக்கு ஊதா விரலோடுதான் கோயிலுக்குப் போகிறேன்.